மவாஷி கெரியும் தொல்யோ சாகியும்

எங்கள் வீட்டில் கணவன் மனைவிச் சண்டை வந்தால் அது பெரும்பாலும் உதையைப் பற்றியதாகத்தான் இருக்கும். யார் யாரை உதைத்தது என்பதல்ல, எப்படி உதைப்பது என்பதுதான் சண்டை. நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கராத்தேக்காரி. அவர் கொரியாவில் பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்த வேலைக்குப் போயிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் டைக்வொண்டோ பழகிக் கறுப்புப் பட்டியோடு தலைமன்னாருக்குத் திரும்பி வந்தவர். நாங்கள் சந்தித்ததே மன்னாரில் நடந்த ஒரு விளையாட்டு விழாவில்தான். நான் போட்டி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "நீங்கள் நல்லா உதைக்கிறியள். ஆனா ஏன் காலை உடன திருப்பி இழுக்கிறியள்?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலியாணம் கட்டி இவ்வளவு காலமாகியும் அவர் அந்தக் கேள்வியை விடவில்லை. நானும் பற்றிக்கொள்வதை விடவில்லை.

விஷயம் ஒன்றும் பெரிதல்ல. பக்கவாட்டிலிருந்து வளைந்து வந்து எதிராளியின் விலாவையோ தலையையோ தாக்கும் வட்ட உதை இரண்டு கலையிலும் உண்டு. ஜப்பான்காரர் அதை மவாஷி கெரி என்கிறார்கள், கொரியாக்காரர் தொல்யோ சாகி என்கிறார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். என் மாமி, அதாவது அவருடைய அம்மா, இரண்டையும் சேர்த்தே "கழுதை உதை" என்பார். மன்னார் வீதிகளில் கழுதைகள் தங்கள் பாட்டுக்குத் திரிவதால் மாமிக்கு அந்த உதையில் நல்ல அனுபவம் உண்டு. கழுதை பின்னுக்குத்தான் உதைக்கும் என்று நான் விளக்கப் போனால், "எப்பிடி உதைச்சா என்ன, படுறவனுக்கு நோகும்தானே" என்று சுளகைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்.

ஆனால் உதைக்கிறவருக்கு இரண்டும் ஒன்றல்ல. என் உதையில் முழங்கால் பக்கவாட்டில் எழும்பும், தொடை வேலிப் படலையைப் போலத் திறந்து வரும். கால் விரல்களைப் பின்னுக்கு மடக்கி, விரல்களுக்குக் கீழே இருக்கிற மேட்டால் அடிக்க வேண்டும். அடித்த கையோடு காலை மடக்கி இழுத்துப் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். அவருடைய உதையில் முழங்கால் நேரே முன்னுக்கு எழும்பும். முன்னுதை வரப்போகிறது என்று எதிராளி நினைத்துக்கொண்டிருக்கும்போதே இடுப்பு புரண்டுவிடும். ஊன்றிய காலின் குதி முழுதாகத் திரும்பி எதிராளியைப் பார்க்கும். புறங்கால் போய் விலாவில் அறையும்போது நனைந்த துணியைக் கல்லில் அடித்தது போலச் சத்தம் கேட்கும். அதோடு கால் திரும்பி வராது, விழுந்த இடத்தில் விழும். அடுத்த உதை அங்கிருந்துதான் தொடங்கும்.

"உங்கட விளையாட்டில காலைப் பிடிக்கக் கூடாது. அந்தத் துணிவில காலை ஊரெல்லாம் மேய விட்டிட்டுத் திரியிறியள். எங்களிட்ட அப்பிடி விட்டா பிடிச்சு விழுத்திப்போடுவினம்" என்பேன்.

"உங்கட விளையாட்டில முகத்தில அடிபட்டா அடிச்சவருக்குத் தண்டனை. அதால நீங்கள் எல்லாரும் தடவிக் குடுக்கிறியள்" என்பார் அவர்.

தடவிக் கொடுப்பது என்ற அந்தச் சொல்தான் எனக்கு ஆகாது. வேகமாகப் போகிற காலை எதிரில் நிற்பவளின் கன்னத்துக்குப் பக்கத்தில், தோல் சிவக்காமல் நிறுத்துவதற்கு எனக்கு எத்தனையோ வருடம் எடுத்தது. என்னால் செய்ய முடிந்த காரியங்களில் எனக்கு உண்மையான பெருமை தந்தது அது ஒன்றுதான். நான் வேலை செய்கிற அரசாங்கக் கந்தோரில் காணி விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்துவதில் எனக்கு என்ன பெருமை இருக்கப்போகிறது?

கந்தோரில் என்னால் ஒழுங்காக இருக்கவும் முடிவதில்லை. மேசைக்குக் கீழே கால் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கதிரை அக்கா, "ஆட்டாதேங்கோ தங்கச்சி, வீட்டுக்குக் கூடாது" என்பார். நிறுத்துவேன். அவர் கோப்புக்குள் குனிந்ததும் மறுகால் ஆடத் தொடங்கும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் இது இன்னும் மோசம். யன்னலைத் திறந்தால் மணல், பூட்டினால் புழுக்கம். தூரத்தில் கரையோரக் காற்றாலைகள் நாள் முழுதும் சுற்றுவதைப் பார்த்தால் எனக்கும் எழும்பி எங்கேயாவது போக வேண்டும் போல இருக்கும். எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இல்லை, தெரியும். பதினாறு வயதில் மாவட்டத்திலிருந்து என்னைக் கராத்தேக்குத் தெரிவு செய்திருந்தார்கள். மாகாணப் போட்டிக்குப் போக வேண்டிய கிழமையில் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அது நாட்டில் சண்டை நடந்த காலம், பாதை பூட்டுவது புதினமல்ல, அதற்காக யாரும் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. திருக்கேதீஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நான் பிறந்த ஊரில் ஆட்கள் உயிரைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருந்தபோது, எனக்குப் போட்டி போனது என்று அழுதால் செவிட்டில்தான் அறை விழுந்திருக்கும். ஆகவே நான் அழவில்லை. சண்டை முடிந்து, படித்து, வேலை எடுத்து, கலியாணம் கட்டி, திரும்பக் கராத்தே மாவட்டத் தெரிவுக்குப் போனபோது என்னைவிடக் கால் உயரம் போகிற சின்னப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். மாவட்டத்துக்கு ஒரு உடல் நிறைப் பிரிவில் ஒருவர்தான் போகலாம். ஒவ்வொரு முறையும் நான் இரண்டாவதாக வந்தேன்.

அப்போதுதான் அவர் சொன்னார். "டைக்வொண்டோவில உம்மட நிறைக்கு மாவட்டத்தில ஒருத்தரும் இல்லை. நீர் நில்லும்."

"எனக்கு உங்கட உதை தெரியாது."

"பழக்கிறன்."

"நீங்களோ?"

"வேற ஆர் இருக்கினம்?"

முப்பது தாண்டிய பிறகு, இடுப்பில் கறுப்புப் பட்டி கட்டியவள், திரும்பவும் வெள்ளைப் பட்டி கட்டிக் கடைசி வரிசையில் நின்றேன். பட்டிப் பரீட்சைகளை ஒவ்வொன்றாகத் தாண்டினேன். மாகாணத் தெரிவில் வென்றால் தேசியப் போட்டிக்குப் போகலாம். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மாகாணத்தின் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு விரிப்பில் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதைப் பெரிய ஆசை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது கிடைக்காவிட்டால் மிச்சக் காலம் முழுதும் மேசைக்குக் கீழே கால் ஆடிக்கொண்டே இருக்கும் என்று தெரிந்திருந்தது.

மணலில் டைக்வொண்டோ சரிவராது. ஊன்றிய கால் புதைந்தால் குதி திரும்பாது. ஆகவே மாமி கருவாடு காயப்போடுகிற சீமெந்துத் தளத்தில் பழகினோம். பின்னேரம் நெத்தலியை அள்ளிச் சாக்கில் கட்டியதும் அந்த இடம் எங்களுடையது. செதிலும் உப்பும் காலில் ஒட்டும். குதியைத் திருப்பித் திருப்பி உள்ளங்கால் தோல் உரிந்து, அதில் உப்புப் பட்டால் உயிர் போய் வரும். அவர் கொரியாவிலிருந்து கொண்டுவந்த பழைய பஞ்சுக் கவசத்தை நெஞ்சில் கட்டிக்கொண்டு நிற்பார்.

"உதையும்."

உதைப்பேன்.

"இது உதையில்லை. வாடகைக்கு வீடு இருக்கோ எண்டு கதவைத் தட்டுறீர்."

"போதுமான அளவு பட்டதுதானே!"

"பட்டது, ஆனா உடன ஓடிப்போட்டீர். அங்கயே விடும் காலை. ஏன் திருப்பிக் கொண்டுபோறீர், அது என்ன உம்மட சீதனமோ?"

நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பதில் சொல்லத் தொடங்குவேன். அவரும் கவசத்தைத் தளர்த்திக்கொண்டு தன் பக்கத்தைச் சொல்வார். முழங்கால் எங்கே எழும்ப வேண்டும், கை எங்கே இருக்க வேண்டும், சாய்ந்து உதைத்தால் தலைக்கு யார் காவல் என்று ஒவ்வொரு உதைக்கும் ஒரு வழக்கு நடக்கும். மாமி உள்ளேயிருந்து, "உதையிறதெண்டா உதையுங்கோ, கதைக்கிறதெண்டா வந்து தேத்தண்ணியைக் குடிச்சிட்டுக் கதையுங்கோ" என்று கத்துவார். அதில் இருந்த புத்திமதி எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை.

கடைசியில் ஒரு பின்னேரம் அது வந்தது. கந்தோரில் யாரோ எரிச்சலூட்டியிருந்தார்கள், வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. முழங்கால் நேரே எழும்பியது, இடுப்பு தானாகப் புரண்டது, கால் போய்க்கொண்டே இருந்தது. அவர் பின்னுக்குத் தள்ளுப்பட்டு, கட்டி வைத்திருந்த நெத்தலிச் சாக்கில் தடக்கி விழுந்தார். சாக்கு அவிழ்ந்து நெத்தலி தளமெல்லாம் கொட்டுண்டது. மாமி விளக்குமாற்றோடு ஓடி வந்தார். அவர் கருவாட்டுக்குள் கிடந்தபடியே, "இதுதான்! இதுதான் தொல்யோ சாகி!" என்று சிரித்தார். நான் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். அந்த உதையை வைத்து அன்றைக்கு இரவு முழுதும் கதைத்தோம்.

தெரிவுப் போட்டி கிளிநொச்சியில் நடந்தது. விடியற்காலை பஸ்ஸில் என்னால் ஒரு பக்கமாக இருக்க முடியவில்லை. யன்னல் பக்கம் இருந்தேன், பிறகு இடம் மாறினேன், பிறகு எழும்பிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடம் இருக்கும்போது ஏன் நிற்கிறேன் என்று நடத்துனர் இரண்டு தடவை பார்த்தார். வெள்ளாங்குளம் தாண்டியபோது, "மன்னார் எல்லை தாண்டியாச்சு" என்றார் என் கணவர்.

அந்த முறைதான் முதன்முதலாக மின் கவசம் கொண்டுவந்திருந்தார்கள். நெஞ்சில் கட்டுகிற கவசத்துக்குள்ளும் காலுறைக்குள்ளும் உணர்கருவி இருக்கும். போதிய பலத்தோடு பட்டால்தான் புள்ளி பலகையில் ஏறும். கவசங்கள் சிலதுதான் இருந்தன. ஒருவர் கழற்ற அடுத்தவர் கட்ட வேண்டும். எனக்குக் கிடைத்த சிவப்புக் கவசம் எனக்கு முந்தி மோதியவளின் வியர்வையில் இன்னும் ஈரமாக இருந்தது. அவர் முதுகுப் பக்கம் நின்று முடிச்சுகளை இறுக்கினார். ஒரே முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார், எனக்கு ஏனோ கோபம் வந்தது.

என்னோடு மோத வந்தவள் வவுனியாப் பக்கத்துப் பிள்ளை. பத்தொன்பது, இருபது வயதிருக்கும். கால்கள் மட்டும் என் கழுத்துவரை இருந்தன. மூன்று சுற்றில் இரண்டை எடுத்தவர் வென்றவர்.

முதல் சுற்றில் நான் அவளுக்கு மூன்று தடவை சுத்தமாக உதைத்தேன். கராத்தேயில் என்றால் மூன்றுக்கும் கொடி எழும்பியிருக்கும். பலகையில் ஒன்றும் ஏறவில்லை. கால் போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது. சீமெந்துத் தளத்தில் படித்ததெல்லாம் விரிப்பில் ஏறியதும் எங்கே போனதோ தெரியாது. பயந்த உடம்பு தனக்கு முதலில் தெரிந்ததையே செய்தது. அவளோ ஓயாமல் உதைத்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் அவளுடைய உதைகள் ஒன்றும் அழகில்லை. ஆனால் ஒன்று முடிந்த இடத்தில் மற்றது தொடங்கியது. பலகையில் அவளுடைய நீல இலக்கம் ஏறிக்கொண்டே போனது. சுற்று அவளுக்கு.

இடைவேளையில் அவர் என் முகத்தில் தண்ணீரை அடித்தார். "உம்மட உதை நல்ல உதை. புள்ளி போடுற அந்தப் பெட்டிக்கு அது விளங்காது. விடும். போக விடும்."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன்..."

"தெரியும் எண்டு சொன்னனான்தானே!"

இரண்டாவது சுற்று தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவள் கையைத் தாழ்த்திக்கொண்டு முன்னுக்கு வந்தாள். என் முழங்கால் நேரே எழும்பியது. அவள் முன்னுதை என்று நினைத்து வயிற்றை மூடினாள். இடுப்பு புரண்டது. புறங்கால் அவளுடைய தலைக்கவசத்தில் போய் அறைந்தது. நான் நிறுத்தவில்லை, இழுக்கவில்லை, கால் போய் முன்னுக்கு விழுந்தது. மண்டபம் "ஹோ" என்றது. பலகையில் சிவப்பு இலக்கம் மூன்று ஏறியதைக் கண்ணால் கண்டேன். இருபது வருடமாக நான் யாருடைய தலையிலும் அப்படி உதைத்ததில்லை. அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

அதன் பிறகு நான் செய்ததை ஒரு கராத்தேக்காரி மட்டும்தான் செய்வாள். திரும்பி என்னுடைய கோட்டுக்கு நடந்தேன்.

கராத்தேயில் ஒரு நல்ல அடி விழுந்தவுடன் நடுவர் "யமே" என்பார், நிறுத்து என்று பொருள். இருவரும் நிறுத்திவிட்டுத் தத்தம் கோட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். நடுவர் புள்ளியை அறிவிப்பார். பிறகுதான் திரும்பத் தொடங்கும். டைக்வொண்டோவில் அப்படி ஒன்றும் இல்லை. புள்ளி பலகையில் தன் பாட்டுக்கு ஏறும், சண்டை தன் பாட்டுக்கு நடக்கும். இது எனக்குத் தெரியாததா? கேட்டிருந்தால் வரி வரியாக ஒப்புவித்திருப்பேன். ஆனாலும் நடந்தேன். ஒரு எட்டு, அடுத்த எட்டு, கையைக்கூடக் கீழே போட்டுவிட்டேன். அவர் மூலையிலிருந்து என் பெயரைக் கத்தியது கேட்டது. பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

பிறகு விரிப்பு என் கன்னத்தில் ஒட்டியிருந்தது. தலைக்குள் ஒரு இரைச்சல். நடுவர் எனக்கு மேலே குனிந்து கொரிய மொழியில் எண்ணிக்கொண்டிருந்தார். அவளுடைய புறங்கால் என் தலைக்கவசத்தின் பக்கத்தில் பட்டிருக்கிறது. அவள்மேல் ஒரு பிழையும் இல்லை. அவளுக்கு யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

கிடந்தபடியே எனக்கு விளங்கியது. நான் சரியாகச் செய்தால் யாரோ ஒருவர் சண்டையை நிறுத்துவார் என்று இவ்வளவு காலமும் நம்பியிருக்கிறேன். கந்தோரில், வீட்டில், பாதை பூட்டின காலத்தில்கூட அதைத்தான் நம்பியிருந்தேன். ஒழுங்காகச் செய்துவிட்டுக் கோட்டில் போய் நின்றால், யாராவது பார்த்துக் கையை உயர்த்துவார்கள். எனக்கு வந்த கோபத்தில் எழும்பிவிட்டேன்.

நடுவர் என் கண்களைப் பார்த்தார். தொடரலாமா என்று கேட்டார். மூலையில் அவர் துவாயைக் கையில் பிடித்துக்கொண்டு, "காணும். வாரும். நான்தான் ஒவ்வொரு உதைக்கும் நிப்பாட்டி நிப்பாட்டிக் கதைச்சனான். என்ர பிழை. வாரும்" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"நீங்கள் பேசாமல் இருங்கோ" என்றேன். நடுவரிடம் தலையை ஆட்டினேன்.

அந்தச் சுற்றில் எவ்வளவு நேரம் மிச்சமிருந்தது என்று எனக்குத் தெரியாது. உதைத்தேன். கால் விழுந்த இடத்திலிருந்து மற்றக் காலால் உதைத்தேன். அவள் பின்னுக்குப் போனாள். கவசத்தில் பட்டது, கையில் பட்டது, சிலது காற்றில் போனது. பலகையைப் பார்க்கவில்லை. மூச்சு விடுகிறேனா என்றும் தெரியவில்லை. இடுப்பு ஒவ்வொரு முறையும் எண்ணெய் போட்ட கதவுப் பிணைச்சல் போலத் திரும்பியது. மவாஷி கெரியா தொல்யோ சாகியா என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அவள் விரிப்பின் கரைக்குப் போனாள், நான் பின்னாலேயே போனேன். அவளுடைய கண்ணில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது.

யாரோ எனக்கும் அவளுக்கும் நடுவில் புகுந்தார்கள். நான் அந்த ஆளுக்கும் சேர்த்து முழங்காலைத் தூக்கிவிட்டேன். நடுவர் என் இரண்டு தோளையும் பிடித்திருந்தார். "குமான்! குமான்!" என்று கத்தினார், அவர்களுடைய மொழியில் அதுதான் நிறுத்து. நான் இன்னும் அவருடைய தோளுக்கு மேலால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தமிழில், மெதுவாக, "அக்கா, நேரம் முடிஞ்சுது. முடிஞ்சுது அக்கா" என்றார்.

பலகையில் நீல இலக்கம் கூடுதலாக இருந்தது. அதிகமில்லை, நான் விழுந்தபோது அவள் எடுத்த அளவுதான் வித்தியாசம். நடுவர் அவளுடைய கையை உயர்த்தினார். குனிந்து வணங்கும்போது அவள், "அக்கா, நோகுதோ? நீங்கள் திரும்பிப் போவியள் எண்டு நான் நினைக்கேல்லை" என்றாள். நல்ல பிள்ளை. தேசியப் போட்டிக்கு அவள் போவாள். அவளைக் கட்டிப்பிடித்தேன், மனதார வாழ்த்தினேன் என்று எழுதினால் பொய். கையை மட்டும் கொடுத்தேன்.

மூலையில் போட்டிருந்த மர வாங்கில் போய் இருந்ததும் அழுகை வந்துவிட்டது. நான் அழுவதை அவர் அதிகம் கண்டதில்லை. பக்கத்தில் முழங்காலில் இருந்து, "தோத்ததுக்கே அழுறீர்?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். "இப்பதான் எனக்கு வந்தது. இப்பதான் வரத் தொடங்கினது."

அடுத்த வருடம் பார்ப்போம் என்று அவர் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் போய் நின்று கவசத்தின் முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார். வியர்வையில் இறுகிப்போயிருந்தன, நேரமெடுத்தது. அதற்குள் அடுத்த போட்டிக்காரி வந்துவிட்டாள். சிவப்புக் கவசம் அவளுக்கு வேண்டும். மேசையிலிருந்து ஒருவர் அவளுடைய பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார். கடைசி முடிச்சும் அவிழ்ந்து கவசம் தளர்ந்து விழப் பார்த்தது. நான் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். அவள் பொறுத்தாள்.